தரங்கம்பாடிக்கு ஆறு வண்டி

ஜனவரி 19, ஞாயிறு

காரைக்காலிலிருந்து மன்சூர் கூப்பிட்டான். தரங்கம்பாடியில் அவன் மச்சினனின் வீடு கடலுக்கு எதிரிலேயே இருக்கிறது. பிப்ரவரி எட்டும் ஒன்பதும் காலியாம். "இந்தத் தடவையும் ஏதாவது சாக்குச் சொன்னே, உன் பேரை குரூப்புலேர்ந்து தூக்கிடுவேன்" என்றான். குரூப்பில் இருப்பதே மூன்று பேர். அவன், நான், செந்தாமரை. தொண்ணூற்று மூன்றில் ஆத்தூர் தட்டச்சுப் பயிலகத்தில் காலை ஏழு மணி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள். ஒன்றாகக் கடலுக்குப் போக வேண்டும் என்று அப்போது பேச ஆரம்பித்தோம். இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடல் காற்று மூட்டு வலிக்கு நல்லதாம்.

ஜனவரி 22, புதன்

செந்தாமரையும் வருகிறாள். விருப்ப ஓய்வு வாங்கியாகிவிட்டது, வீட்டைக் காலி செய்கிறாள், பிப்ரவரி ஐந்தாம் தேதி சாமான் எல்லாம் லாரியில் நாக்பூர் போகிறது. அங்கேதான் அவள் மகன் நவீன் இருக்கிறான். அவன் ஆபீஸ் வேலையாகச் சென்னை வருகிறானாம். ஒன்பதாம் தேதி தரங்கம்பாடியிலிருந்து கிளம்பி மயிலாடுதுறையில் ரயிலேறிச் சென்னை போய், அன்றைக்கே அவனோடு நாக்பூர். இனிமேல் அங்கேதான்.

நல்லது. அவள் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளையோடு இருப்பதுதான் சரி.

மாலை ஷிப்ட். ஆறே காலுக்குக் கருமந்துறை வண்டி வந்தது. மலையில் நர்ஸாக இருந்தவரை அவள் அதில்தான் வந்து இறங்குவாள். இப்போது அதில் வருவது பலாப்பழமும் ஆட்டுக்குட்டியும்தான். இருந்தாலும் பழக்கதோஷம், ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி 25, சனி

வழி போட்டாகிவிட்டது. காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்றான் மன்சூர். வேண்டாம் என்றேன். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடமாக டைம் கீப்பர் நான். விசில் ஊதி வண்டி அனுப்புகிற மனுஷனை ஒருத்தன் காரில் வந்து அழைத்துப்போனால் ஊர் சிரிக்கும். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி. மொத்தம் ஆறு வண்டி. காலை ஐந்து இருபதுக்கு ஏறினால் மதியம் இரண்டு மணிக்குக் கடல். சிதம்பரம் வண்டியில் போய் அங்கே காரைக்கால் வண்டி மாறினால் இரண்டே வண்டியில் முடிந்துவிடும்தான். ஆனால் அதில் கூட்டம் அதிகம். ரோடும் சரியில்லை.

செந்தாமரைக்குப் போன் செய்து சொன்னேன். "ஆறு வண்டியா?" என்றாள். அப்புறம் "சரி" என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சட்டை ஒன்று எடுத்தேன். பழையது காலரில் நைந்துவிட்டது. முடிவெட்டுகிற இடத்தில் கடைக்காரர் விடாப்பிடியாக மை போட்டுவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

அவள் வீட்டுச் சாமான் லாரி பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போனது. மேலே நிறுத்தி வைத்திருந்த பீரோவின் கண்ணாடியில் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்தது. வாயில் விசிலோடு நான் நிற்பதும் தெரிந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

நாளைக்குக் கிளம்புகிறோம். கடலைப் பார்த்ததும் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதினால் கேட்டு முடித்த மாதிரி ஆகிவிடும், அங்கே போய் வாய் வராது.

போகாமல் இருந்துவிடேன், என்னோடு இருந்துவிடேன் என்று கேட்க வேண்டும்.

எழுதியாகிவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் இது ஒரு கேள்வியா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களிடம், இணைப்பு வண்டி கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி இத்தனை வருடம் சமாளித்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

*பெரம்பலூர், காலை 7.25*

ஐந்து நிமிடம் தாமதம். பரவாயில்லை. ஆத்தூரில் "வாங்க, உக்காருங்க" என்றேன், அவளும் "நீங்க உக்காருங்க" என்றாள். அவள் பெண்கள் சீட்டில், நான் மூன்று சீட் பின்னால். ஊரில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். பெரம்பலூரில் இறங்கியதும் "பசிக்குதா தனா?" என்றாள். எங்கள் வழக்கம் அப்படி. ஊருக்குள் 'நீங்க', ஊர் தாண்டினால் 'நீ'.

*அரியலூர் தாண்டி, 9.10*

ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறோம். முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போகின்றன, வண்டி ஊர்கிறது. வண்டி தாமதமாகி எனக்குக் கோபம் வராதது இதுதான் முதல் தடவை. அவள் ஜன்னல் பக்கம். தோள் பையை மடியில் வைத்துக்கொண்டு, மலையில் ஜீப்பிலேயே பிரசவம் பார்த்த கதையைச் சொன்னாள். ஏற்கெனவே கேட்ட கதைதான். கேட்டதில்லை என்று சொல்லி முழுக்கக் கேட்டேன். பேச வேண்டியதை இங்கேயே பேசிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கடல் என்று முடிவு செய்தது கடலாகவே இருக்கட்டும்.

*எந்த ஊர் என்று தெரியவில்லை, ரோட்டோரம், 10.30*

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜெயங்கொண்டத்தில் பத்து மணிக்குக் கும்பகோணம் வண்டி. ஓடிப்போய் ஏறினோம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட் காலியாக இருந்தது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்துவிட்டு டிரைவர் கேட்டார். "அண்ணே, நம்ம லைன்தானா?"

"ஆத்தூர் டைம் கீப்பர்" என்றேன்.

"அட, வாங்கண்ணே, முன்னாடி வாங்க!"

போய் உட்கார்ந்தேன். செந்தாமரை ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். உனக்கு?" என்றாள். எனக்கு வேண்டாம் என்றேன். பையை சீட்டில் வைத்துவிட்டு, சின்னப் பர்ஸை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

டிரைவரும் நானும் தொழில் பேசினோம். டீசல், கலெக்‌ஷன், முன்வண்டிக்காரன் செய்கிற அக்கிரமம். கண்டக்டர் பின்னால் ஏறினார். மணி பத்து ஒன்று. என் கை தானாக வெளியே போய் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டியது. "டைம் ஆச்சு, எடுங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

டிரைவர் எடுத்துவிட்டார். பேச்சு சுவாரஸ்யம். கங்கைகொண்ட சோழபுரம் தாண்டின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் சீட்டில் பை மட்டும் இருந்தது.

பதினைந்து நிமிடம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

வண்டியை நிறுத்தச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் போனுக்கு அடித்தேன், பைக்குள்ளேயே மணி அடித்தது. திரும்பிப் போகிற வண்டி ஒன்றும் வரவில்லை. வழியில் ஏதோ பாலத்தில் வேலையாம், ஜெயங்கொண்டம் பக்கம் போகிற வண்டி எல்லாம் சுற்றிப் போகிறதாம். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

*ஜெயங்கொண்டம், 11.30*

ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தேன். அவள் இல்லை.

டீக்கடைக்காரர் சொன்னார். "பச்சைச் சேலை கட்டின அம்மாவா? இந்த பெஞ்சிலதான் ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தாங்க. மூணு டீ. நடுவுல ரெண்டு கும்பகோணம் வண்டி வந்துச்சு. ஏறலீங்களான்னு கேட்டேன், பாக்கறேன்னாங்க. மூணாவது வண்டிலதான் ஏறினாங்க. இப்பத்தான் சார், பத்து நிமிஷம் ஆச்சு."

முதல் இரண்டு வண்டியில் கூட்டமாக இருந்திருக்கும்.

ஆட்டோவில் வரும்போது எதிரே ஒரு கும்பகோணம் வண்டி போனது. அதில்தான் இருந்திருப்பாள். அப்போதும் நான் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்சூருக்குப் போன் போட்டேன். "பஸ்ஸை விட்டவனைப் பாத்திருக்கேன். ஆளை விட்டவனை இப்பத்தான்டா பாக்கறேன்" என்றான்.

*கும்பகோணம், 3.45*

ஒரு மணிக்கே இங்கே வந்துவிட்டேன். மைக் அறைக்குப் போய், நானும் டைம் கீப்பர்தான் என்று சொல்லி, அறிவிக்கச் சொன்னேன். "ஆத்தூரைச் சேர்ந்த செந்தாமரை அவர்கள் எங்கிருந்தாலும் நேரக் காப்பாளர் அறைக்கு வரவும்." ஐந்து தடவை சொன்னார் அந்த நல்ல மனுஷர். அவள் பெயரை அத்தனை சத்தமாக, அத்தனை பேர் நடுவில் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. பெண்கள் காத்திருக்கும் அறை வாசலில் நின்றேன். மயிலாடுதுறை போகிற வண்டிகளை எல்லாம் ஏறிப் பார்த்தேன். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் விசாரித்தார். ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே பார்க்காமல் மூடிவிட்டேன்.

இப்போதுதான் மன்சூர் கூப்பிட்டான். "வந்துட்டாடா. மீன் குழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. நீ எங்கே நிக்கறே?"

இரண்டு மணிக்கே கடலில் இருக்க வேண்டியது. இன்னும் இரண்டு வண்டி பாக்கி.

*தரங்கம்பாடி*

வந்து சேரும்போது ஏழு. இருட்டிவிட்டது. கடலின் சத்தம் மட்டும் கேட்டது. மன்சூரின் மனைவி சபீரா எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். பையை செந்தாமரையிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "எல்லா ஊரும் சுத்திக் காட்டினியா இதுக்கு?" என்றாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். "விடு தனா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. நாளைக் காலை ஒன்பது நாற்பதுக்கு அவளுக்கு வண்டி.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறரைக்கே எல்லோரும் கடலுக்குப் போனோம். கோட்டைக்குப் பக்கத்தில் ஆட்கள் குறைவு. மன்சூர் எனக்கு அவனுடைய கைலி ஒன்றைக் கொடுத்திருந்தான், பேன்ட்டை நனைக்காதே என்று. செந்தாமரை சபீராவின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினாள். முப்பது வருடம் மலை ஏறி இறங்கிய கால். அலை வந்து தள்ளும்போதெல்லாம் சின்னப் பெண் மாதிரி கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"தனா, வா!" என்று கையை ஆட்டினாள்.

"நீங்க குளிங்க. நான் டைம் பாத்துக்கறேன்" என்றேன்.

நாலு ஜோடி செருப்புக்கும் நான்தான் காவல். கரையில் நின்றபடி மணி ஏழு, ஏழு இருபது, ஏழே முக்கால் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த அலை போனதும் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு அலையாக அனுப்பிக்கொண்டிருந்தேன். மன்சூர் ஈரத்தோடு வந்து பக்கத்தில் நின்று, "என்னடா, இன்னுமா?" என்றான். நான் அவனிடம் எதுவுமே சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டைப் அடிக்கும்போது நீ மெஷினையா பாத்தே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒன்பது இருபதுக்கு மெயின் ரோட்டு நிறுத்தத்துக்கு நடந்தோம். பாதி வழியில் சபீராவுக்குத் திடீரென்று அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து, புருஷனை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிறுத்தத்தில் நின்றோம்.

"ஒண்ணு சொல்லவா?" என்றாள். "நேத்து வண்டி கிளம்பும்போது நான் பத்தடி தூரத்துலதான் நின்னேன். நீ தட்டினதைப் பாத்தேன். 'டைம் ஆச்சு'ன்னு சொன்னதையும் கேட்டேன்."

"கத்தியிருக்கலாமே! கண்டக்டர் நிறுத்தியிருப்பாரே."

"கத்தல."

"ஏன்?"

"நீ திரும்பிப் பாக்கறியான்னு பாத்தேன்."

நான் வண்டி வருகிற திசையைப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தொண்ணூத்து நாலுல நான் நர்ஸ் ட்ரெயினிங்குக்குக் கிளம்பினேனே, ஆத்தூர்ல, ஞாபகம் இருக்கா? சேலம் வண்டி. வேற ஏதாவது சொல்லணுமான்னு உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னே?"

ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளும் மறந்ததில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை. டைம் கீப்பர் வேலைக்கு வருவதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். "டைம் ஆச்சு, ஏறு."

"சிதம்பரம் வழியா ரெண்டே வண்டின்னு எனக்குத் தெரியாதா தனா? அந்தப் பக்கம் மெடிக்கல் கேம்ப்புக்கு எத்தனை தடவை போயிருக்கேன். ஆறு வண்டின்னு நீ சொன்னப்ப, சரி, இந்த ஆறு வண்டிக்குள்ள எங்கேயாவது சொல்லுவேன்னு நினைச்சேன். மூணு வண்டி ஏறி இறங்கியாச்சு, ஒண்ணுமில்ல. அதான் டீ குடிக்க இறங்கினேன். ரெண்டு வண்டி விட்டேன். நீ வரலை."

"வந்தேன். நீ போய் பத்து நிமிஷம் கழிச்சு வந்தேன்."

"மன்சூர் சொன்னான்" என்றாள்.

வண்டி வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். "ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் என்னிடம் இதே இரண்டு நிமிடம் கேட்டிருப்பார்கள். ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. "பின்னாடி வண்டி வருது சார், டைம் ஆச்சு" என்று சொல்லி அவர் விசிலை ஊதினார்.

ஓடி ஏறிவிட்டேன். கைலியோடு. செருப்பு ஒன்று ரோட்டிலேயே நின்றுவிட்டது.

"மயிலாடுதுறை, ரெண்டு" என்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன். அப்புறம் சொன்னேன். அழகாக ஒன்றும் சொல்லவில்லை. "சாயங்காலம் ஷிப்டை நான் கேட்டு வாங்கினதே கருமந்துறை வண்டிக்காகத்தான். நீ இறங்கறதைப் பாக்கறதுக்கு. உனக்குக் கல்யாணம் ஆனதுக்கப்புறமும் பாத்தேன், அதுல ஒண்ணும் தப்பா நினைக்கல, இறங்கிட்டியான்னு மட்டும் பாத்துக்குவேன். நீ ஓய்வு வாங்கின பிறகும் பாக்கறேன். நீ போயிட்டா நான் எதைப் பாக்கறதுன்னு தெரியல தாமரை. போகாம இருந்துடேன். என்கூட இருந்துடேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆக்கூர் போனது, செம்பனார்கோயில் போனது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று நான் கவலைப்படவில்லை.

"இதை ஜெயங்கொண்டத்துல சொல்லியிருந்தா எனக்கு மூணு டீ மிச்சம்" என்றாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "நவீன் வந்து காத்துக்கிட்டிருப்பான். சாமான் போயாச்சு. இன்னைக்கு நான் போகத்தான் வேணும்" என்றாள். ரயில் வந்தது. ஏறி, கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் இப்ப எதுவும் சொல்லமாட்டேன். போன்லயும் கேக்காதே. வேணும்னா நாக்பூருக்கு வந்து, நேர்ல நின்னு கூப்பிடு. என் பையன் முன்னாடி கூப்பிடு. அப்ப சொல்றேன்."

ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றேன். வாட்சைப் பார்க்கவில்லை. அதனால் எத்தனை மணிக்குப் போனது என்று எழுத முடியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஏத்தாப்பூர் வண்டியை ஒன்றரை நிமிடம் நிறுத்தி வைத்தேன். ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பிப்ரவரி 12, புதன்

கருமந்துறை வண்டி ஆறு பத்தொன்பதுக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மதியம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். முன்பதிவு கவுன்ட்டரில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன டைம் கீப்பர் சார், நீங்க இங்கே?"

இருபத்தாறு வருடமாக எல்லோரும் என்னிடம்தான் வழி கேட்டிருக்கிறார்கள். நான் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. பஸ் போகாத ஊர் எதுவும் எனக்குத் தெரியாது.

"நாக்பூருக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டேன். "எது சீக்கிரமாப் போகுதோ அது."

ஆத்தூரில் ஏறி சேலத்தில் மாற வேண்டும் என்றார். ஒரே இடத்தில் மாறினால் போதும். படிவம் கொடுத்தார். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. முதல் படிவத்தில் தனசேகரன், ஆண், ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். இரண்டாவதிலும் அதையே எழுதிவிட்டு, பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் இருந்தவர் செருமினார். என் பெயருக்குக் கீழே செந்தாமரை, பெண், ஐம்பத்து இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் இரண்டு படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போகும்போது ஒருத்தர். வரும்போது ரெண்டு பேரா?"

"ஆமாங்க" என்றேன்.